வடித்த தண்ணீர்

பீன்ஸ் நறுக்கக் கத்தி வேண்டியதில்லை, கத்தரிக்கோலே போதும் என்பது மைக்கம்மாவின் கண்டுபிடிப்பு. நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, நாலைந்து காயை ஒன்றாகப் பிடித்து வெட்டினால் துண்டுகள் நேராகப் பாத்திரத்திலேயே விழும். நிற்கிற வேலை இல்லை, பலகை கழுவுகிற வேலை இல்லை, கத்தியை அழுத்துகிற வேலையும் இல்லை. நின்று சமைக்கிற உடம்பு அவளை விட்டுப் போய் வெகுநாள் ஆகிறது.

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று மைக்கில் சொல்லும் வேலை பார்த்தவள் அவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது, குரல் தெரியும். சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு ஒரு வண்டியின் பேரையும் நேரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை. வேலை போனது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்குப் பீன்ஸை வெட்டிக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வருவதற்குள் வேகவைத்து, வடித்து, மூடி வைத்துவிட வேண்டும். அவர் கை அதில் படக் கூடாது. கட்டின புருஷனைப் பற்றி இப்படி நினைக்கலாமா என்றால், நினைக்கக் கூடாதுதான். ஆனால் அவள் பயந்துபோயிருந்தாள். பயந்தவளிடம் போய் நியாயம் பேசி என்ன செய்வது.

இதில் கூத்து என்னவென்றால், அவர் சமையல்காரர். டயர் தொழிற்சாலையின் கேன்டீனில் தலைமைச் சமையல். மூன்று ஷிஃப்டு ஆட்களும் அவர் கையால்தான் சாப்பிடுகிறார்கள். மாஸ்டர் என்றால் காவலாளியிலிருந்து மேலாளர்வரை எல்லோருக்கும் அவர்தான். ஊரே சாப்பிடுகிற கையை வீட்டுக்காரி ஒதுக்கி வைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். நோய் முற்றியபோது ஆஸ்பத்திரியில் டயட் மேடத்திடம் அனுப்பினார்கள். அறைக்கு வெளியே நீள வரிசை. அந்தப் பெண் தாளைப் பார்த்தபடியே கடகடவென்று சொன்னாள்.

"உப்பு வேண்டாம். காயைத் தோல் சீவி, சின்னதா நறுக்கி, நெறைய தண்ணி ஊத்தி வேக வெச்சு, வடிச்சுட்டுக் குடுங்க. வடிக்காம குடுக்கவே கூடாது."

"வடிக்கறதுதானே மேடம். அது என் பொறுப்பு" என்றார் மாஸ்டர்.

எதற்காக வடிக்க வேண்டும் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் கேட்கவில்லை. பின்னால் நின்றவர் ஏற்கெனவே ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

மாஸ்டர் சொன்னபடி செய்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவரே நறுக்கினார், அவரே வேகவைத்தார், ஒரு சொட்டு இல்லாமல் வடித்தார். வடித்த தண்ணீரை என்ன செய்வது? காய் வெந்த தண்ணீரைக் கொட்டுவது அவருடைய தொழிலில் பெரும்பாவம். கேன்டீனில் அதற்கென்றே ஓர் அண்டா உண்டு. கேரட் வெந்தது, கோஸ் வெந்தது, கிழங்கு வெந்தது எல்லாம் அதில் போய்ச் சேரும், அடுத்த வேளைக்கு அதுதான் சூப். "சத்து பூரா தண்ணியிலதான் இறங்கியிருக்கு. கொட்டறவன் கைய ஒடிக்கணும்" என்று புதிதாகச் சேரும் ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்.

வீட்டிலும் கொட்டவில்லை. அந்தத் தண்ணீரைப் பாதியாகச் சுண்டவைத்து, மிளகைத் தட்டிப்போட்டு, எலுமிச்சை ரெண்டு சொட்டு பிழிந்து, சூடாக ஒரு டம்ளரில் கொண்டுவந்து நீட்டுவார். உப்பில்லாமல் அப்படியொரு ருசியை வரவழைக்க அவரால்தான் முடியும். சோறு இறங்காது, காய் இறங்காது, அது மட்டும் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இருக்கா என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். அவள் கேட்ட அன்றைக்கெல்லாம் அவர் கேன்டீனுக்குச் சீட்டியடித்துக்கொண்டு போனார்.

ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தாள், கால் கேட்கவில்லை. வலி இல்லை, வீக்கமும் இல்லை. கால் அங்கேயே இருக்கிறது, சொன்னதைச் செய்யவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. நெஞ்சு ஒருமுறை அடித்துவிட்டு, அடுத்ததற்கு யோசித்தது. அந்த யோசனைதான் அவளுக்கு இன்றுவரை மறக்கவில்லை. அடுத்த அடி வருமா வராதா என்று தன் நெஞ்சுக்குத் தானே காது கொடுத்துக் கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்த டாக்டர், படம் முழுதாக வெளியே வருவதற்குள் ஊசியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினார். ஆபத்து கடந்தபின் டயட் மேடம் வந்தாள்.

"காய வடிச்சீங்களா?"

"தெனமும் என் கையால வடிச்சேன் மேடம்."

"வேற என்ன குடுத்தீங்க?"

"கொஞ்சம் சோறு, வடிச்ச காய். அப்புறம் சூப்பு."

"என்ன சூப்பு?"

மாஸ்டர் சொன்னார். தொழிலைப் பற்றிக் கேட்டால் அவருக்கு அடக்கிச் சொல்ல வராது. சுண்டவைக்கும் பக்குவத்திலிருந்து மிளகு தட்டும் பக்குவம்வரை சொல்லிக்கொண்டே போனவர், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இவங்க கிட்னியால வெளியேத்த முடியாத பொட்டாசியம் பூரா அந்தத் தண்ணியிலதாங்க இறங்கும். அத வெளிய கொட்டறதுக்குத்தான் வடிக்கவே சொன்னேன்" என்றாள் அவள்.

டாக்டர் போகிறபோக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "இன்னும் கொஞ்சம் தாமதமா வந்திருந்தா நெஞ்சு நின்னிருக்கும். இன்னொரு தடவை இப்படி ஏறினா ரத்தத்தச் சுத்தம் பண்ற மெஷின்ல போடறதத் தவிர வேற வழி இல்ல." கட்டிலில் கிடந்தவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது ஒரே வார்த்தை. "இனிமே என் சாப்பாட்ட நானே பண்ணிக்கறேன்." அவர் சரி என்றார். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

கெட்ட எண்ணத்தில் கொடுத்திருந்தால் ஒருத்தரை விட்டு விலகிவிடலாம். ஆசை ஆசையாகக் கொடுத்தவரை என்ன செய்வது? அவர் நல்லதென்று நம்புவதில் இன்னும் எதெது இப்படியோ என்று அவள் எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் அவர் வெந்நீர் வைத்தால்கூடக் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

ஆகவே சமையல் அவள் தலையில் வந்து விழுந்தது. தலை இருந்தது, கைகால் இல்லை. குறுக்கு வழிகளாகத் தேடிப் பிடித்தாள். கோஸைக் கத்தி படாமல் கையாலேயே கிழித்துப் போட்டாள். கேரட்டை நறுக்க மணிக்கட்டில் பலம் போதாது, அதனால் முழுசாகக் கொதிநீரில் போட்டு, மெத்தென்று ஆனதும் எடுத்துக் கரண்டி விளிம்பால் துண்டாக்கி, புதுத் தண்ணீரில் இன்னொருமுறை வேகவைத்தாள். பூசணிக்கும் அதே வைத்தியம், வெந்தபின் தோல் தானாகக் கழன்றுவரும். முடியாத வாரத்தில் கடையில் நறுக்கி உறையவைத்து விற்கும் பையை வாங்கி, அதையும் வேகவைத்து வடித்தாள். கொதிக்கும் சட்டியைத் தூக்கிச் சாய்ப்பது அவளால் ஆகாத காரியம். அதற்குச் சட்டிக்குள்ளேயே ஒரு கம்பிக் கூடையை இறக்கிவைத்து, அதில் காயைப் போட்டாள். வெந்ததும் கூடையைத் தூக்கினால் காய் மேலே வரும், தண்ணீர் கீழேயே நிற்கும். ஆறினபின் ஒரு குவளையால் மொண்டு மொண்டு கொட்டிவிடுவாள். உடம்பு கொஞ்சம் தேவலை என்கிற நாளில் மொத்தமாகச் செய்து, சின்னச் சின்ன டப்பாக்களில் ஃபிரிட்ஜில் அடுக்கினாள்.

சாமர்த்தியம்தான், யார் இல்லையென்றது. ஆனால் ஒரு டப்பாக் காய்க்காக அரைநாள் படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது. மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது செய்யட்டுமா என்பார். வேண்டாம் என்பாள்.

நாத்தனார் ஒருநாள் வந்தாள். அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருப்பவள், கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிக்கத் தெம்பு இருந்தா இன்னும் ரெண்டு காய் நறுக்கியிருப்பேன். கேளு."

"அண்ணன் தெனமும் கடைக்கு வந்து உக்காந்துட்டுப் போகுது. வாயத் தொறக்கறதில்ல. டீ குடுத்தா, சக்கர போட்டியா, எவ்ளோ போட்ட, தண்ணி எங்க புடிச்சன்னு போலீஸ்காரன் மாதிரி விசாரிக்குது. இத்தன வருஷமா என் டீயக் கழனித்தண்ணின்னு திட்டிக்கிட்டே குடிச்ச மனுஷன்."

மைக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூச்சு வாங்கும் என்று அடக்கிக்கொண்டாள்.

"நீங்க அண்ணன அடுப்புகிட்டயே விடறதில்லையா?"

"அவர் சொன்னாரா?"

"அது சொல்லுமா? போன வாரம் வந்தப்ப நாந்தான் பாத்தேன். சமையக்கட்டு வாசல்ல விருந்தாளி மாதிரி நின்னுக்கிட்டு, ஒரு டம்ளர் எடுத்துக்கட்டுமான்னு உங்களக் கேக்குது. அதுவும் எங்க அண்ணன். எனக்குத் தாங்கல அண்ணி."

மைக்கம்மா கோஸை அவள் பக்கம் நகர்த்தினாள். "அந்தக் கோஸக் கொஞ்சம் கிழிச்சுக் குடு" என்றாள்.

"கத்தி எங்க?"

"கத்தி எதுக்கு? துணி கிழிக்கற மாதிரி கிழி. உனக்குத் தெரியாததா."

நாத்தனார் கிழித்தாள்.

"கோவம்னா சொல்லுங்க அண்ணி, நான் அதக் கூப்பிட்டு ரெண்டு வாங்கு வாங்கறேன். உங்க கால்ல விழச் சொல்றேன். அதோட தீந்துபோகும்."

"கோவம் இல்லடி."

"பின்ன?"

"போய் அடுப்பப் பத்த வை. இன்னும் நேரமாச்சுன்னா அவர் வந்துடுவார்."

நாத்தனார் அவளை ஒருமாதிரி பார்த்தாள். எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். போகும்போது செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் மாட்டிக்கொண்டு போனாள்.

பீன்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அந்த நாளில்தான் அது நடந்தது. காலையிலிருந்தே தலை கனமாக இருந்தது. படுத்திருக்கலாம், ஆனால் டப்பாக்கள் காலியாகிவிட்டன. டப்பா காலியானால் அவர் சமைப்பார். அந்தப் பயத்தில் எழுந்துபோய்க் காயை வேகவைத்துவிட்டாள். வெந்ததும் கூடையைத் தூக்கும்போது கை தாங்கவில்லை. கூடை சட்டியின் விளிம்பில் இடித்துச் சாய்ந்து, பீன்ஸும் கேரட்டும் தரையெல்லாம் சிதறின. கொதிநீர் அவளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், கால் கேட்கவில்லை.

அதுவா, வெறும் களைப்பா? அவளுக்குத் தெரியவில்லை. உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். எறும்பு ஊர்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நெஞ்சு அடித்தது. அடுத்தது வருகிறதா என்று காத்திருந்தாள். வந்தது. அதற்கடுத்தது? தலைக்குமேல் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அணைக்க எட்டவில்லை. ஊருக்கே கேட்ட குரல், பக்கத்து வீட்டைக் கூப்பிட வரவில்லை. ஈரத் தரையில் சுவரோடு சாய்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று தவித்தாளோ, அவர் எப்போது வருவார் என்று இப்போது தவித்தாள்.

மாஸ்டர் வந்தார். அடுப்பை அணைத்தார். அண்டா தூக்கிப் பழகின கைகள் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடின.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இப்போதைக்கு நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறது, ரத்தம் என்ன சொல்கிறதோ பார்ப்போம் என்று ஊசியில் இழுத்துக்கொண்டு போனார்கள். திரைச்சீலை போட்ட மூலையில் அவள் படுத்திருக்க, அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சாப்பிட்ட?" என்று கேட்டார்.

"டப்பாவுல மிச்சம் இருந்த கோஸு. கேரட்டு."

"வடிச்சியா?"

"ரெண்டு தடவை."

"தண்ணி?"

"கொட்டிட்டேன்."

"முழுசா?"

"முழுசா."

"அப்ப என் கையால ஒண்ணும் இல்ல" என்றார். சொன்னவுடன் அவருக்கே வெட்கமாகிவிட்டது. குனிந்துகொண்டார்.

அவள் மேலே பார்த்தபடி கிடந்தாள். ரத்தம் என்ன சொல்லப்போகிறதோ என்ற பயத்தில், இந்தப் பயத்தைச் சொல்வது லேசாக இருந்தது.

"ஏங்க. உங்க கையால சாப்பிட எனக்குப் பயமா இருக்கு."

"தெரியும்."

"கோவம் இல்ல. சத்தியமா கோவம் இல்ல."

"கோவமா இருந்திருந்தா தேவல. நாலு வார்த்தை திட்டியிருப்ப. நானும் ஒண்ணு ரெண்டு திருப்பிப் பேசியிருப்பேன்."

"நாந்தானே இன்னும் இருக்கா, இன்னும் இருக்கான்னு வாங்கிக் குடிச்சேன்."

"நான் குடுத்தேன், நீ குடிச்ச." அவர் உள்ளங்கையை முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. கேன்டீன்ல அந்த அண்டாவக் கவுத்து வெச்சுட்டேன். காய் வெந்த தண்ணி பூரா சாக்கடைக்குத்தான். ரெண்டாவது மாஸ்டர் கேக்கறான், என்ன மாஸ்டர், கொட்டறவன் கைய ஒடிக்கணும்னு சொல்லிட்டு நீங்களே கொட்டறீங்களேன்னு. சூப்பு வெறும் வெந்நியா இருக்குன்னு ஷிஃப்டு ஆளுங்க சத்தம் போடறாங்க."

"அவங்களுக்கு என்ன? குடிச்சா ஒண்ணும் ஆகாது."

"யாருக்கு உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வரிசையா வந்து தட்ட நீட்டறாங்க. ஒவ்வொரு மூஞ்சியாப் பாக்கறேன். இவனுக்கு ஏதாச்சும் இருக்குமோ, இதக் குடுத்தா ஆகுமோன்னு தோணுது. கரண்டி பாதியில நிக்குது. இத்தன வருஷத்துல நான் எவன் மூஞ்சியையும் பாத்து ஊத்தினதில்ல. தட்டத்தான் பாப்பேன்."

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். இவ்வளவு நாளும் பயம் தன் ஒருத்திக்குத்தான் என்று இருந்துவிட்டாள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் அதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் தாளோடு வந்தார். மாஸ்டர் எழுந்து நின்றார், பிறகு எதற்கோ மறுபடி உட்கார்ந்தார்.

"பொட்டாசியம் சரியாத்தான் இருக்கு. இது வெறும் அசதி. உடம்பு தாங்கறதுக்கு மேல வேலை பாத்திருக்கீங்க. வீட்ல யாராவது சமைச்சுக் குடுத்தா உக்காந்து சாப்பிட வேண்டியதுதானே?"

மாஸ்டர் அந்தத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மாஸ்டர் சமைத்தார். கத்தியைத் தொடவில்லை. கத்தரிக்கோலால் பீன்ஸ் வெட்டினார். மூட்டை வெங்காயத்தைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நறுக்கித் தள்ளுகிற மனிதர், கத்தரிக்கோலின் வளையத்தில் விரல் நுழையாமல் திண்டாடினார். கத்தி இருக்கிறதே என்றாள். "அதுல வெட்டினா அது என் சமையலாயிடும்" என்றார். கேரட்டை முழுசாகப் போட்டெடுத்துக் கரண்டியால் துண்டாக்கினார். கம்பிக் கூடையையும் அவள் வைக்கிற மாதிரியே இறக்கினார். மிளகு டப்பா இருந்த பக்கமே போகவில்லை. வெந்ததும் கூடையை ஒரு கையிலும் சட்டியை ஒரு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றார்.

"இது காய். இது தண்ணி. பாத்தியா?"

"பாத்தேன்."

"ஊத்திடவா?"

"ஊத்துங்க."

போய் ஊற்றினார். காலிச் சட்டியைத் திரும்பக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டினார். அவள் சாப்பிட்டாள். ருசி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு வாயையும் மென்று நிறுத்தி, உள்ளே ஏதாவது சொல்கிறதா என்று பார்த்துப் பிறகு விழுங்கினாள். அவர் எதிரில் உட்கார்ந்து அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு முடிவதற்குள் வியர்த்துவிட்டது.

அதுவே வழக்கமாயிற்று. சட்டியும் கூடையும் கட்டிலுக்கு வரும். அவள் தலையைத் தூக்கி, மங்கலான மஞ்சள் தண்ணீரை உற்றுப் பார்ப்பாள். பார்க்காமல் ஒருநாளும் விட்டதில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கேன்டீனுக்கு ஓடவேண்டிய அவசரத்திலும் அவர் காட்டாமல் ஊற்றியதில்லை. ரத்தப் பரிசோதனைகள் சரியாகவே வந்தன. பயத்துக்கு அந்தத் தாளெல்லாம் படிக்கத் தெரியாது போலிருக்கிறது, அது பாட்டுக்கு இருந்தது.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு விடுமுறை நாள். அவளுக்கு உடம்பு மிகவும் முடியவில்லை. இமையைத் தூக்குவதே ஒரு வேலையாக இருந்தது. சமையல்கட்டில் அவர் கத்தரிக்கோலோடு முணுமுணுப்பதும், அடுப்பு சீறுவதும், கூடை சட்டியில் உரசுவதும் கேட்டுக்கொண்டே கிடந்தாள். பிறகு கட்டிலருகே வந்து நிற்கும் காலடி. ஆவி முகத்தில் பட்டது.

"இது காய். இது தண்ணி. பாத்தியா?"

"பாத்துட்டேன்" என்றாள். கண் மூடியே இருந்தது.

அவர் நகரவில்லை.

"கண்ணத் தொறந்து பாரு."

"பாத்துட்டேங்க. ஊத்துங்க."

"நீ பாக்கல."

"எனக்குப் பசிக்குது. ஊத்திட்டு வாங்க."

பசியெல்லாம் இல்லை. வழக்கமான பயம்தான் இருந்தது. ஆனாலும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. அவர் நின்றார், பிறகு திரும்பிப் போனார். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் கேட்டது, விழுந்து முடிந்து, சொட்டுகிற வரைக்கும் கேட்டது.

தட்டைக் கொண்டுவந்து, தலையணையை நிமிர்த்தி அவளை உட்காரவைத்தார். அவள் ஒரு வாய் எடுத்தாள். மென்றாள், நிறுத்தாமல் விழுங்கினாள். அடுத்த வாய் எடுக்கும்போது அவர் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்ன பண்றீங்க?"

"நீ சாப்பிடு."

"கைய விடுங்க."

"அந்தக் கைதானே சாப்பிடுது. இந்தக் கை சும்மாதானே இருக்கு."

அவள் சாப்பிட்டாள். அவர் மணிக்கட்டில் விரலை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாடி பார்க்க அவருக்குத் தெரியாது. எத்தனை அடித்தால் நல்லது, எத்தனை அடித்தால் கெட்டது என்பதும் தெரியாது. அடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.